மரபணு நோய் ஸ்கிரீனிங்கில் மருத்துவ விஞ்ஞானி ஆவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான ஆய்வகங்களுக்கு நோயாளியின் ரத்தம் வருகிறது. ஸ்கிரீனிங் ஆய்வகத்துக்கு வருவதோ, நலமாக இருப்பவரின் ரத்தம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சொட்டுகள் வடிதாளில் உலர்ந்து வந்து சேர்கின்றன. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. பெற்றோருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தத் தாளிலிருந்து புறப்படும் ஒரு முடிவு அந்த வீட்டின் அடுத்த பல ஆண்டுகளை மாற்றிவிடலாம். அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பவர்தான் மருத்துவ விஞ்ஞானி.

இத்துறைக்கு வர விரும்புகிறவர்கள் எந்தக் கருவியைக் கற்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவி பழகப் பழக வந்துவிடும். ஓர் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறியும் திறன் அப்படி எளிதில் வருவதில்லை. இந்த வேலையின் உயிர்நாடி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகளும் அதை நோக்கியே செல்கின்றன.

படி 1: எந்த வேலைக்கு வருகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1963-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, உலர்ந்த ரத்தப் புள்ளியில் ஃபீனைல்அலனின் அளவைக் காணும் எளிய பாக்டீரியச் சோதனையை வெளியிட்டார். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டை மூளை பாதிக்கப்படுவதற்கு முன்பே கண்டுபிடித்து, உணவுக் கட்டுப்பாட்டால் குழந்தையைக் காப்பாற்ற அது வழி திறந்தது. பச்சிளம் குழந்தை ஸ்கிரீனிங் என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது. 1990-களில், மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்த பிறகு, ஒரே ஒரு சிறு ரத்தப் புள்ளியிலிருந்து பல பத்து நோய்களைத் தேட முடிகிறது.

ஸ்கிரீனிங் வேறு, நோயறிதல் வேறு. ஸ்கிரீனிங் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து, மேற்கொண்டு சோதிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கிறது. 'இவருக்கு நோய் இருக்கிறது' என்று அது சொல்வதில்லை. உறுதிசெய்யும் சோதனை பின்னால் வரும். இந்த வேறுபாட்டை மறந்தவர் எழுதும் அறிக்கை ஒரு குடும்பத்தைக் காரணமின்றி நடுங்கவைக்கும்.

உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். மாதிரிகளைக் கையாண்டு கருவிகளை இயக்குபவர் ஆய்வகத் தொழில்நுட்பர். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுபவர் மரபியல் ஆலோசகர். சிகிச்சை தருபவர் மருத்துவர். மருத்துவ விஞ்ஞானி இவர்களுக்கு நடுவில் நிற்கிறார். சோதனை முறையைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பது, குழப்பமான முடிவுகளை அலசுவது, அறிக்கையில் கையெழுத்திடுவது, அவசர முடிவை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பது அரிது. அது உங்களுக்குக் குறையாகப் படுமானால் மரபியல் ஆலோசகர் பணியைப் பற்றியும் யோசியுங்கள். அதுவும் இதே அளவு மதிப்புள்ள வேலைதான்.

படி 2: கிளையைத் தேர்ந்தெடுங்கள்

உயிர்வேதியியல் கிளை, ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்கள், கொழுப்பும் அமினோ அமிலங்களும் சிதையும்போது உருவாகும் அசைல்கார்னிடைன்கள், ஹார்மோன்கள், என்சைம்கள் ஆகியவற்றை அளக்கிறது. பச்சிளம் குழந்தை ஸ்கிரீனிங்கின் முதுகெலும்பு இது. நேரத்தோடு ஓடும் வேலையும் இதுதான். மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், கேலக்டோசீமியா, உப்பு இழப்போடு வரும் அட்ரினல் மிகைவளர்ச்சி போன்றவை பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடியவை.

மூலக்கூறு மரபியல் கிளை டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கிறது. தண்டுவடத் தசைநலிவு நோய்க்கான ஸ்கிரீனிங் இதற்கு நல்ல உதாரணம். எஸ்.எம்.என்.1 மரபணுவின் 7-ஆம் எக்ஸான் என்ற பகுதி இரு பிரதிகளிலும் இல்லையா என்று, டி.என்.ஏ. துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் பார்க்கிறார்கள். நோயுள்ளவர்களில் சுமார் 95 சதவீதத்தினர் இதில் அகப்படுவார்கள். ஒரு பிரதி நீங்கி, மறு பிரதியில் ஓரெழுத்துப் பிழை இருக்கும் எஞ்சியவர்களை இச்சோதனை காணாது. அகப்படுகிறவர்களின் எண்ணிக்கையோடு தவறிப்போகிறவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவரே இக்கிளைக்கு ஏற்றவர்.

கருக்கால ஸ்கிரீனிங் மூன்றாவது கிளை. தாயின் ரத்த பிளாஸ்மாவில் கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோவும் அவர் குழுவினரும் 1997-ல் காட்டினார்கள். இன்று தாயின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கொண்டே டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கிறோம். ஆனால் அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் பிழை இருந்து, கரு நலமாக இருக்கலாம். இரட்டையரில் ஒரு கரு ஆரம்பத்திலேயே அழிந்து, அதன் டி.என்.ஏ. மட்டும் எஞ்சியிருக்கலாம். அரிதாக, தாய்க்கே தெரியாத புற்றுநோய் இச்சோதனையில் விபரீதமான வடிவமாகத் தென்பட்டதும் உண்டு.

இவை தவிர ஹீமோகுளோபின் கோளாறுகளுக்கான ஸ்கிரீனிங், நலமாக இருந்துகொண்டே நோய் மரபணுவைச் சுமப்பவரா (கடத்தியா) என்று பார்க்க, கருத்தரிக்கும் முன் தம்பதியருக்குச் செய்யும் கடத்திச் சோதனை என்று கிளைகள் நீளும். பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரண்டு கிளைகளில் சில மாதங்களாவது இருந்து பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

படி 3: பட்டப்படிப்பு

மரபியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், உயிர்மருத்துவ அறிவியல் ஆகியவற்றில் ஒன்றில் நல்ல இளநிலைப் பட்டம் வேண்டும். மேலே முதுநிலைப் பட்டம் பல நாடுகளில் நடைமுறைத் தேவை. ஆய்வகத் தலைமைப் பொறுப்புக்கு முனைவர் பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ கேட்பார்கள். ஆய்வுத் திட்டத்துக்கான தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மனித நோயோடு தொடர்புடையதாகப் பாருங்கள். பாடப்பட்டியலில் புள்ளியியல் விருப்பப் பாடமாக இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: நிகழ்தகவைக் கைவசமாக்குங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழிக்கச் சொல்லி வற்புறுத்துகிறேன். ஒரு நோய் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை, நோயுள்ளவர்களில் 99 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, நோயற்றவர்களில் 99.5 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது. கேட்பதற்கு அருமையான சோதனை. இப்போது ஒரு லட்சம் குழந்தைகளைச் சோதியுங்கள். நோயுள்ளவர்கள் 10 பேர். கிட்டத்தட்ட அனைவரும் அகப்படுவார்கள். நோயற்ற 99,990 பேரில் அரை சதவீதம், அதாவது சுமார் 500 பேரும் பாசிட்டிவ் என்று வருவார்கள். பாசிட்டிவ் வந்த 510 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 10 பேர்தான். ஏறக்குறைய 2 சதவீதம்.

அதே சோதனையை, ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இந்நோய் உள்ள பெற்றோரின் அடுத்த குழந்தைக்குச் செய்யுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் ஒடுங்கு மரபு நோயானால் தொடக்க வாய்ப்பே நான்கில் ஒன்று. இங்கே பாசிட்டிவ் வந்தால் அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு 98 சதவீதத்தைத் தாண்டுகிறது. கருவி மாறவில்லை, வேதிப்பொருள் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர் யார் என்பது மட்டுமே மாறியது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் ஸ்கிரீனிங் அறிக்கையில் கையெழுத்திடக் கூடாது.

கடத்திச் சோதனையிலும் இதே தர்க்கம்தான். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒடுங்கு நோயின் மரபணுவை, சுமார் 50 பேரில் ஒருவர் சுமக்கிறார். நோயுள்ளவரின் நலமான உடன்பிறப்புக்கு அந்த வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவர் உறவில்லாத ஒருவரை மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/50 × 1/4, அதாவது 300-ல் ஒன்று. மணந்துகொண்டவருக்கு, நோய் மாற்றங்களில் 90 சதவீதத்தைக் காணும் சோதனை செய்து நெகட்டிவ் வந்தால், அவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 50-ல் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 490-ல் ஒன்றாகக் குறைகிறது. குறைகிறதே தவிர மறைவதில்லை. எஞ்சியிருக்கும் அந்த வாய்ப்பை அறிக்கையில் எழுதுவது உங்கள் கடமை.

படி 5: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள்

பயிற்சியின் முதல் மாதங்களில் பிப்பெட் பிடிப்பது, டி.என்.ஏ. பிரித்தெடுப்பது, பி.சி.ஆர்., டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் சாங்கர் வரிசையாக்கம், புதிய தலைமுறை வரிசையாக்கம், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அன்றாடப் பராமரிப்பு ஆகியவை வரும். அவற்றை முறையாகக் கற்பியுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். ஆனால் தேர்ந்த விஞ்ஞானியைத் தனித்துக் காட்டுவது வேறு. அசாதாரண எண் ஒன்றைப் பார்த்ததும் அவர் மனத்தில் ஒரு கேள்விப் பட்டியல் ஓடும்.

மாதிரி எப்போது எடுக்கப்பட்டது? பிறந்த உடனே எடுத்திருந்தால் ஃபீனைல்அலனின் இன்னும் ஏறியிருக்காது, நோய் தவறிப்போகும். அதே நேரத்தில் டி.எஸ்.எச். ஹார்மோன் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும்; நலமான குழந்தைக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகத் தோன்றும். ஒரே தாள், இரண்டு திசைகளில் பிழை.

குறைமாதக் குழந்தையா? அப்படியானால் அட்ரினல் மிகைவளர்ச்சிக்காக அளக்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் நோயில்லாமலே கூடியிருக்கலாம். ரத்தம் ஏற்றப்பட்டதா? அரிவாள் செல் நோயுள்ள குழந்தையும் கொடையாளியின் ஹீமோகுளோபினால் இயல்பானதாகத் தெரியும். ரத்தநாளம் வழியாக ஊட்டம் போகிறதா? அமினோ அமிலங்கள் பல ஒன்றாக உயரும். ரத்தத்தை வடிதாளில் நேரே விடாமல் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயிலிருந்து சொட்டியிருந்தால் சில ஹார்மோன் அளவீடுகள் பொய்யாக மாறும். தாள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்திருந்தால் என்சைம் செத்துப்போய்க் கேலக்டோசீமியா போலக் காட்டும்.

தாயையும் விசாரிக்க வேண்டும். பிவாலிக் அமிலத் தொகுதி கொண்ட சில ஆன்டிபயாடிக்குகளைத் தாய் எடுத்திருந்தால் குழந்தையின் ரத்தத்தில் சி5 கார்னிடைன் என்ற அசைல்கார்னிடைன் உயர்ந்து, ஐசோவலேரிக் அசிடீமியா என்ற பிறவி நோய் போன்ற தோற்றம் தரும். மருந்தால் உண்டாகும் மூலக்கூறுக்கும் நோயால் உண்டாகும் மூலக்கூறுக்கும் நிறை ஒன்று என்பதே காரணம். குழந்தையின் கார்னிடைன் மிகக் குறைந்திருக்கும்போது, சில சமயம் குறைபாடு குழந்தைக்கு இல்லை, தாய்க்கு. தனக்கு ஒரு பிறவிக் குறைபாடு இருப்பதை மகனோ மகளோ பிறந்த பிறகுதான் அறிந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இத்துறையில் என்னை மிகவும் நெகிழவைப்பது இந்த இடம்தான்: ஒருவருக்காகச் செய்த சோதனை இன்னொருவரைக் காப்பாற்றுகிறது.

இந்தப் பட்டியலை ஒரு குறிப்பேட்டில் நோய்வாரியாக எழுதிவாருங்கள். எந்தப் பாடநூலும் உங்கள் ஆய்வகத்தின் கருவிக்கும் உங்களுக்கு வரும் மாதிரிகளுக்கும் ஏற்றபடி அதைத் தராது.

படி 6: மரபணு மாறுபாட்டை எடைபோடப் பழகுங்கள்

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, ஒரு மாறுபாட்டை ஐந்து வகைகளில் ஒன்றில் வைக்கச் சொல்கிறது: நோய் உண்டாக்குவது, நோய் உண்டாக்கக்கூடியது, முக்கியத்துவம் தெளிவாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. இதற்கு 28 அளவுகோல்கள் உண்டு. அவற்றை உருப்போடத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எந்தச் சான்றைக் கேட்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பழகுவதற்குப் பணம் தேவையில்லை. கிளின்வார், நோமாட் ஆகிய இரண்டும் யாரும் பயன்படுத்தக்கூடிய தரவுத்தளங்கள். கிளின்வாரில் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு வகைப்படுத்தியிருக்கும் மாறுபாடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நோமாடில் அதன் பரவலைப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் படியுங்கள். உங்கள் வகைப்பாட்டைக் காரணங்களோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒன்று என்று செய்துவந்தால் ஓராண்டில் நேர்காணலுக்குப் போகும் அளவு தேறிவிடுவீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பொதுத் தரவுத்தளங்களில் எல்லா மக்கள் குழுக்களும் சம அளவில் இடம்பெறவில்லை. தரவில் காணப்படாததால் அரிது என்று முடிவுகட்டிய மாறுபாடு, சேர்க்கப்படாத ஒரு சமூகத்தில் சர்வசாதாரணமாக இருக்கலாம். இரண்டாவது இன்னும் முக்கியமானது. நோயாளியின் மாதிரியில் வகைப்படுத்தும்போது அவருடைய அறிகுறிகளே ஒரு சான்று. ஸ்கிரீனிங்கில் அந்தச் சான்று கிடையாது. எதிரே இருப்பவர் நலமாக இருக்கிறார். ஆகவே இங்கே தயக்கம் கூடுதலாக வேண்டும். தெளிவாகாத மாறுபாடுகளைக் கடத்திச் சோதனை அறிக்கைகளில் பொதுவாகச் சேர்க்காததும் இதனால்தான்.

படி 7: பயிற்சியும் பதிவும்

விதிமுறைகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். பிரிட்டனில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பணிப்பெயர். சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்யாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. ஊதியத்தோடும் முதுநிலைப் பட்டத்தோடும் கூடிய மூன்றாண்டு விஞ்ஞானி பயிற்சித் திட்டம் அங்கே முதன்மையான வழி; போட்டி கடுமை. அமெரிக்காவில் முனைவர் அல்லது மருத்துவப் பட்டத்துக்குப் பின் சிறப்புப் பயிற்சி முடித்து, அமெரிக்க மருத்துவ மரபியல், மரபணுத்தொகுதியியல் வாரியத்தின் தேர்வை எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் மருத்துவ ஆய்வக மரபியலாளர் என்ற பதிவை ஐரோப்பிய மருத்துவ மரபியல் வாரியம் வழங்குகிறது.

தனிப் பதிவுமுறை இல்லாத நாடுகளில் ஆய்வகத்தின் தரம்தான் உங்கள் சான்றிதழ். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தர அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கையெழுத்திடும் அதிகாரமுள்ள மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்யுங்கள். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்; முதல் ஐந்தாண்டில் யாரிடம் கற்கிறோம் என்பது பின்னாலான முப்பதாண்டைத் தீர்மானிக்கிறது.

படி 8: அறிக்கை எழுதும் கலை

அறிக்கையைப் படிப்பவர், இந்த நோயை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத மருத்துவராக இருக்கலாம். அவருக்கு முதல் வரியிலேயே மூன்று செய்திகள் வேண்டும்: என்ன தெரிந்தது, அது எவ்வளவு உறுதி, அடுத்து எதை எவ்வளவு விரைவில் செய்ய வேண்டும்.

'சி8 அசைல்கார்னிடைன் உயர்ந்துள்ளது' என்று மட்டும் எழுதினால் அவர் திகைப்பார். 'இந்த முடிவு, கொழுப்பிலிருந்து சக்தி பெற முடியாத எம்.கேட். குறைபாட்டைச் சந்தேகிக்க வைக்கிறது. நோய் இன்னும் உறுதியாகவில்லை. உறுதிசெய்யும் சோதனை முடியும்வரை குழந்தையை நீண்ட நேரம் பால் இல்லாமல் இருக்க விட வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள்' என்று எழுதினால் அந்தத் தாள் ஓர் உயிரைக் காக்கும்.

அவசர முடிவைத் தொலைபேசியில் சொன்னால் யாரிடம், எப்போது, என்ன சொன்னீர்கள் என்று பதிவு செய்யுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

படி 9: அறம் என்பதை வேலையின் பகுதியாகப் படியுங்கள்

எதை ஸ்கிரீன் செய்வது என்ற கேள்விக்கு 1968-ல் வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய பத்து கோட்பாடுகள் இன்றும் அடித்தளம். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், மறைந்திருக்கும் கட்டத்தில் கண்டறிய முடிய வேண்டும் என்பவை அவற்றில் சில. தொழில்நுட்பத்தால் முடிகிறது என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சில மாநிலங்கள் அரிவாள் செல் சோதனையைக் கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கட்டாயமாக்கின. நோயுள்ளவருக்கும் மரபணுவைச் சுமப்பவருக்கும் உள்ள வேறுபாடு விளக்கப்படவில்லை. முழு நலத்தோடு இருந்தவர்கள் வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டைச் சந்தித்தார்கள். சோதனைக் குழாயில் எந்தப் பிழையும் இல்லை. பிழை விளக்காமல் விட்டதில் இருந்தது. இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உண்மையான தந்தை யார் என்பது குறித்த எதிர்பாராத உண்மை, சோதனைக்கு ஒப்புதல் தராத உறவினரைப் பற்றிய தகவல் போன்றவையும் கைக்கு வரும். அவற்றைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். மருத்துவர், ஆலோசகர், மூத்த விஞ்ஞானி ஆகியோரோடு கூடிப் பேசும் கூட்டங்கள் இதற்காகவே இருக்கின்றன.

படி 10: வேலைக்கு விண்ணப்பித்தல்

விண்ணப்பத்தில் கருவிகளின் பெயர்களை அடுக்குவதைவிட, ஒரு சிக்கலான முடிவை நீங்கள் எப்படி அலசினீர்கள் என்று பத்து வரியில் எழுதுங்கள். பைத்தான் அல்லது ஆர் மொழியில் எளிய நிரல் எழுதத் தெரிந்தால் குறிப்பிடுங்கள். வரிசையாக்கத் தரவு பெருகும் காலத்தில் அது பெரிய துணை. வார இறுதியிலும் விடுமுறையிலும் முறைவைத்துப் பணி உண்டு, பணியிடங்கள் குறைவு, ஊர் மாற வேண்டிவரலாம் என்பதையும் முன்பே குடும்பத்தோடு பேசிவிடுங்கள்.

நேர்காணலில் கேட்கத்தக்க, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் பற்றிய கேள்வி ஒன்று (ஐ.ஆர்.டி. என்பது அந்நோயில் ரத்தத்தில் உயரும் கணையப் புரதம்; சி.எஃப்.டி.ஆர். அந்நோய்க்கான மரபணு): 'குழந்தைக்கு ஐ.ஆர்.டி. அளவு உயர்ந்திருக்கிறது. சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் நோய் உண்டாக்கும் மாறுபாடு ஒன்று மட்டும் கிடைத்தது. என்ன செய்வீர்கள்?' கடத்தி என்று முடிவுகட்டுவது அவசரம். அந்த மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் பதிவாகியுள்ளன. உங்கள் தொகுப்புச் சோதனை அவற்றில் சிலவற்றையே தேடுகிறது. இரண்டாவது மாறுபாடு தொகுப்புக்கு வெளியே இருக்கலாம். ஆகவே வியர்வைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன் முடிவைப் பொறுத்து மரபணுவை முழுமையாக வரிசையாக்கலாம். கிடைத்தது ஆர்117எச் மாறுபாடு என்றால், அதே பிரதியில், டி என்ற எழுத்து தொடர்ந்து வரும் பாலி-டி பகுதியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 5 டி உடன் சேர்ந்தால் ஒரு பொருள், 7 டி உடன் சேர்ந்தால் வேறு பொருள். இந்த அளவுக்குச் சொன்னவரிடம் தேர்வுக் குழு அடுத்துக் கேட்கக்கூடியது: 'பிறந்தவுடன் குடல் அடைப்பு ஏற்பட்ட குழந்தைக்கு ஐ.ஆர்.டி. இயல்பாக இருந்தால்?' மெகோனியம் எனும் முதல் மலத்தால் குடல் அடைப்புள்ள குழந்தைகளில் நோய் இருந்தும் ஐ.ஆர்.டி. உயராமல் போவதுண்டு. ஸ்கிரீனிங் முடிவு எதுவானாலும் அக்குழந்தைக்கு முழுச் சோதனை செய்ய வேண்டும் என்று பதில் சொல்லுங்கள். அதை மருத்துவரிடம் யார், எப்போது சொல்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.